கம்ப்யூட்டர் சொல்லும் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளலாமா?

கேள்வி: நான் கட்டமைப்பு வடிவமைப்பில் சில ஆண்டு அனுபவம் உள்ள பொறியாளர். இப்போது 9 தளக் கான்கிரீட் குடியிருப்பு ஒன்று கையில் இருக்கிறது. உயரம் 30 மீட்டர், பிளான் எல் வடிவம், மண் நடுத்தர வகை. தரைத்தளம் முழுவதும் வண்டி நிறுத்தும் இடம், சுவர் கிடையாது. மேல் தளங்கள் எல்லாவற்றிலும் செங்கல் சுவர். நில அதிர்வுக்குக் கணக்குப் போடுகையில், கட்டடத்தின் 20 மீட்டர் அகலத் திசையில் ஸ்டாட்டிக் முறைப்படி (அதிர்வை நிலையான பக்கவாட்டு விசையாக எடுத்துக்கொள்ளும் முறை) பேஸ் ஷியர், அதாவது அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை, 2,000 கிலோநியூட்டன் வருகிறது. கட்டடத்தின் ஒவ்வொரு ஆட்ட வடிவத்தையும் தனியாகக் கணக்கிட்டுச் சேர்க்கும் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற டைனமிக் முறையில் ஓட்டினால் 1,050தான். முதல் மோடின், அதாவது முதல் ஆட்ட வடிவத்தின், காலம் (ஒரு முறை ஆடி முடிக்கும் நேரம்) 0.95 விநாடி, அதில் சேரும் நிறை 78 சதவீதம். இரண்டாவது மோடு 0.90 விநாடி, அதில் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஆடுகிறது. ‘டைனமிக்தான் துல்லியம், 1,050ஐ வைத்து டிசைன் செய், கம்பி மிச்சம்’ என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். ‘ஸ்டாட்டிக்கிலேயே அதிகம் வருகிறதே, அதை வைத்து முடி, டைனமிக் எதற்கு’ என்கிறார் மூத்தவர். யார் சொல்வது சரி? பதிவான அதிர்வு ஒன்றைக் கணத்துக்குக் கணம் மாடலில் ஓட்டிப் பார்க்கும் டைம் ஹிஸ்டரி செய்தால் இந்த வாதம் தீருமா?

பதில்: வணக்கம். நண்பர் சொல்வதைக் கேட்டால் கட்டடம் பலவீனமாக நிற்கும். மூத்தவர் சொல்வதைக் கேட்டால் மொத்த விசை சரியாக இருக்கும், ஆனால் அந்த விசை எந்தத் தூணில் போய் உட்காருகிறது என்பது கடைசிவரை தெரியாது. சுருக்கமாகச் சொன்னால், மொத்த அளவுக்கு 2,000ஐ வைத்துக்கொள்ளுங்கள். அதை எந்தத் தளமும் எந்தத் தூணும் எவ்வளவு ஏற்கும் என்ற பங்கீட்டுக்கு டைனமிக்கை நம்புங்கள். பல விதிநூல்களும் இதைத்தான் கேட்கின்றன. ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். உங்கள் இரண்டு எண்களுக்கும் நடுவில் பாதிக்குப் பாதி வித்தியாசம் இருக்கிறது. அது ஏன் வந்தது என்று தெரியாமல் இரண்டில் எதையும் வரைபடத்தில் ஏற்றக் கூடாது.

முதலில் அதைப் பிரித்துப் பார்ப்போம். நீங்கள் எந்த விதிநூலைப் பின்பற்றுகிறீர்கள் என்று எழுதவில்லை. இந்திய நில அதிர்வு விதிநூலான ஐ.எஸ். 1893ன் 2016 பதிப்பை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன், உங்கள் 2,000 அதனோடு பொருந்திப் போகிறது. சுவர் நிரப்பிய கட்டடத்துக்கு அதில் உள்ள சூத்திரம் உயரத்தை 0.09ஆல் பெருக்கி, அகலத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கச் சொல்கிறது. 30 மீட்டருக்கும் 20 மீட்டருக்கும் போட்டால் 0.6 விநாடி வரும். நடுத்தர மண்ணில் அந்தக் காலத்துக்கு, விசையை முடிவு செய்யும் முடுக்கக் குணகம் 1.36ஐ 0.6ஆல் வகுத்தால் கிடைப்பது, அதாவது 2.27. உங்கள் மென்பொருள் சொல்லும் 0.95 விநாடிக்கு அதே கணக்கு 1.43 தருகிறது. இங்கேயே விசை 63 சதவீதமாக இறங்கிவிட்டது. அப்புறம், ஸ்டாட்டிக் முறை கட்டடத்தின் முழு எடையையும் முதல் மோடில் ஆடுவதாக எடுத்துக்கொள்கிறது. டைனமிக்கில் 78 சதவீதம்தான் அப்படி ஆடுகிறது. 0.63ஐ 0.78ஆல் பெருக்கினால் பாதிக்குச் சற்றுக் கீழே. மேல் மோடுகள் கொஞ்சம் ஈடுகட்டி, 1,050க்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகின்றன. கணக்கில் பிழை ஏதும் இல்லை, மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது.

அப்படியானால் இந்த 0.95 எங்கிருந்து வந்தது? நான் பந்தயம் கட்டுவேன், உங்கள் மாடலில் செங்கல் சுவர்கள் சுமையாக மட்டும் இருக்கின்றன. உத்தரத்தின் மேல் மீட்டருக்கு இத்தனை கிலோநியூட்டன் என்று ஏற்றியிருப்பீர்கள். எடை சேர்ந்தது, விறைப்பு சேரவில்லை. அதோடு விரிசல் விட்ட கான்கிரீட்டுக்காக உத்தரத்தின் விறைப்பை 35 சதவீதமாகவும் தூணை 70 சதவீதமாகவும் குறைத்திருப்பீர்கள். அது சரியான நடைமுறைதான், ஆனால் அதுவும் காலத்தை நீட்டும். நிஜக் கட்டடத்தில் சுவர் இருக்கிறது, படிக்கட்டு இருக்கிறது, லிஃப்ட் கூடு இருக்கிறது. எல்லாமாகச் சேர்ந்து அதை விறைப்பாக்கிவிடும். விறைப்பு கூடினால் காலம் குறையும், காலம் குறைந்தால் விசை கூடும். விதிநூல் சூத்திரங்கள் நிஜக் கட்டடங்களின் ஆட்டத்தை அளந்து பார்த்த அனுபவத்தில் எழுதப்பட்டவை, அதுவும் வேண்டுமென்றே குறைந்த காலத்தின் பக்கம் சாய்த்து. நில அதிர்வின் நடுவில் சுவர் விரிசல் விட்டுக் காலம் நீண்டுகொண்டே போகும் என்பது உண்மை. ஆனால் முதல் சில விநாடிகளில் அந்தக் கட்டடம் உங்கள் மாடலைவிட நிச்சயமாக விறைப்பாகத்தான் நிற்கும்.

இதனால்தான் டைனமிக் பேஸ் ஷியர் ஸ்டாட்டிக்கைவிடக் குறைந்தால் அதை உயர்த்தச் சொல்கிறார்கள். ஐ.எஸ். 1893 முழு ஸ்டாட்டிக் அளவுக்கு ஏற்றச் சொல்கிறது. அமெரிக்காவின் ஏ.எஸ்.சி.இ. 7 விதிநூலில் 2010 பதிப்புவரை 85 சதவீதம் போதும் என்றிருந்தது, 2016 பதிப்பில் அதை 100 ஆக்கிவிட்டார்கள். உங்களுக்கு 2,000ஐ 1,050ஆல் வகுத்தால் 1.905. தூண், உத்தர விசைகள் எல்லாவற்றையும் அந்த மடங்கில் பெருக்குங்கள். தளங்களின் நகர்வையும் பெருக்க வேண்டுமா என்பதில் விதிநூல்கள் ஒன்றுபோல இல்லை, உங்களுடையதில் அந்த வரியைத் தனியாகத் தேடிப் படித்துவிடுங்கள். ‘கம்பி மிச்சம்’ என்ற பேச்சு இத்தோடு முடிந்தது.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அந்த 2,000 ஒன்றும் முழு நில அதிர்வு விசை அல்ல. வளைந்து கொடுக்கும் சிறப்புச் சட்டகம் என்று சொல்லி 5ஆல் வகுத்த பிறகு மிஞ்சியது அது. கட்டடம் கொஞ்சமும் சேதமில்லாமல் நிற்க வேண்டும் என்றால் 10,000 கிலோநியூட்டனுக்கு வடிவமைக்க வேண்டும். அதுவும் வடிவமைப்பு அளவு அதிர்வுக்குத்தான். எதிர்பார்க்கக்கூடிய உச்ச அளவில் பாதியைத்தான் வடிவமைப்பு அளவாக ஐ.எஸ். 1893 எடுத்துக்கொள்கிறது. ஸ்டாட்டிக்கோ டைனமிக்கோ, இரண்டுமே அந்த ஐந்தில் ஒரு பங்கைப் பற்றித்தான் பேசுகின்றன. மீதி நான்கு பங்கைத் தாங்குவது உத்தரமும் தூணும் சேரும் இடத்தில் நெருக்கமாகக் கட்டிய ரிங்குகள் (கம்பி வளையங்கள்), 135 பாகை வளைத்து உள்ளே திருப்பிய அவற்றின் கொக்கிகள், உத்தரத்தைவிட வலுவான தூண். 5ஆல் வகுத்துவிட்டு ரிங்கை 90 பாகையில் மடக்கி விட்டால் எந்த முறையில் கணக்குப் போட்டாலும் ஒன்றுதான். 1,050ஆ 2,000ஆ என்று வாதிடும் நேரத்தில் பாதியைக் கம்பி விவரப் படத்துக்குக் கொடுங்கள் என்பேன்.

சரி, மூத்தவர் கேட்ட கேள்விக்கு வருவோம். 2,000தான் எடுக்கப் போகிறோம் என்றால் டைனமிக் எதற்கு? கட்டடம் நேர்த்தியான பெட்டியாக, நாலு தளமாக இருந்திருந்தால் நானும் அவரோடு சேர்ந்துகொள்வேன். ஐரோப்பிய விதிநூலான யூரோகோடு 8 செங்குத்தில் ஒழுங்கான, குறைந்த காலமுள்ள கட்டடங்களுக்கு ஸ்டாட்டிக்கை அனுமதிக்கிறது. முதல் மோடின் காலம் 2 விநாடிக்குள்ளும், மண்ணைப் பொறுத்த இன்னொரு வரம்புக்குள்ளும் இருந்தால் போதும். ஐ.எஸ். 1893 இதில் கறார். அதிர்வு குறைந்த இரண்டாம் மண்டலத்தில் 15 மீட்டருக்குக் கீழே உள்ள ஒழுங்கான கட்டடத்துக்கு மட்டும் ஸ்டாட்டிக், மற்ற எல்லாவற்றுக்கும் டைனமிக் என்கிறது.

ஸ்டாட்டிக் முறை ஒரே ஒரு ஆட்ட வடிவத்தை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வேலை செய்கிறது. உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விசையைப் பிரிக்கிறது. எடை எல்லாத் தளத்திலும் ஒன்றென்று வையுங்கள். 1 முதல் 9 வரை வர்க்கங்களைக் கூட்டினால் 285. உச்சித் தளத்துக்கு 81 பங்கு, கீழ்த் தளத்துக்கு ஒரே ஒரு பங்கு. மேல் மூன்று தளங்களே மொத்த விசையில் 68 சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு போகின்றன. அடியில் விறைப்பு, மேலே போகப் போகச் சீராக வளைவு என்று ஆடும் கட்டடத்துக்கு இது நல்ல ஊகம். உங்கள் கட்டடம் அப்படி ஆடாது.

அது எப்படி ஆடும்? மேலே எட்டுத் தளத்திலும் செங்கல் சுவர். கீழே ஒன்றும் இல்லை. எட்டுத் தளமும் ஒரே கட்டியாக நகரும், வளைவு முழுவதும் தரைத்தளத் தூண்களில் விழும். அப்போது எல்லாத் தளமும் ஏறக்குறைய சம அளவு நகரும், விசைப் பங்கும் சமமாகும். தரைத்தளத் தூண்களின் மொத்த வெட்டுவிசை எந்தப் பங்கீட்டிலும் பேஸ் ஷியர்தான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் கட்டடம் முழுவதும் பகிர்ந்துகொண்டிருக்க வேண்டிய சேதம் ஒரே தளத்தின் தூண் நுனிகளில் குவிகிறது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நில அதிர்வில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில் பல மாடிக் குடியிருப்புகள் விழுந்தன. தரைத்தளம் வண்டி நிறுத்தத் திறந்து கிடந்த கட்டடங்கள் அவற்றில் நிறைய.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும், நண்பரின் ‘துல்லியம்’ என்ற நம்பிக்கை உடைவது இந்த இடத்தில்தான். இப்போதைய மாடலில் டைனமிக் முறைக்கும் இந்தச் சிக்கல் தெரியாது! சுவருக்கு விறைப்பே கொடுக்காததால் ஒன்பது தளமும் அதற்கு ஒன்றுபோலத்தான் தெரிகிறது. ஆயிரம் மோடு எடுத்தாலும் இல்லாத சுவரை அது கண்டுபிடிக்காது. சுவர்களை மூலைக்கு மூலை செல்லும் அழுத்தத் தண்டுகளாக மாடலில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். மூன்று மாற்றங்கள் தெரியும்: காலம் 0.6ஐ நோக்கி இறங்கும், டைனமிக் பேஸ் ஷியர் ஏறும், தரைத்தளத்தின் ட்ரிஃப்ட் (ஒரு தளம் அதற்குக் கீழே உள்ளதைவிட எவ்வளவு கூடுதலாக நகர்கிறது என்ற அளவு) மட்டும் மற்ற தளங்களைவிட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தத் துருத்தலைப் பார்த்த பிறகு மூத்தவரும் ‘டைனமிக் எதற்கு’ என்று கேட்க மாட்டார். அதற்கு மருந்து தரைத்தளத்திலிருந்து தொடங்கும் ஷியர் வால்கள், அதாவது பக்கவாட்டு விசையைத் தாங்கும் கான்கிரீட் சுவர்கள்தான். ஐ.எஸ். 1893ன் 2002 பதிப்பில் திறந்த தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் 2.5 மடங்கு விசைக்கு வடிவமைக்கும் ஒரு வழி இருந்தது. எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. தூண் தடிக்கும், தளம் மென்மையாகவே இருக்கும். ஷியர் வால் வைத்தால் சுவர் சேர்த்த மாடலும் சேர்க்காத மாடலும் நெருங்கி வந்துவிடும், உங்களுக்கும் நிம்மதி.

எல் வடிவம் கொண்டுவரும் தொல்லை வேறு. இரண்டாவது மோடே முறுக்கல் என்கிறீர்கள், அதுவும் முதல் மோடுக்கு மிக அருகில். முறுக்கலைத் தடுக்கும் விறைப்பு குறைவு என்று அர்த்தம், எல் வடிவத்தில் எடையின் மையமும் விறைப்பின் மையமும் வேறு வேறு இடத்தில் இருப்பதும் சேர்ந்துகொள்ளும். எல்லின் இரு கால்களும் வெவ்வேறு வேகத்தில் ஆட முயலும், உள்மூலையில் தளப் பலகை கிழிபடும். ஸ்டாட்டிக் முறை இதற்கு மைய விலகலை 1.5 மடங்காக்கி, அகலத்தில் 5 சதவீதத்தைக் கூட்டிச் சமாளிக்கிறது. குத்துமதிப்பு மருந்துதான். முப்பரிமாண டைனமிக் மாடல் இந்த முறுக்கலை நேராகவே தருகிறது. ஆனால் தற்செயல் விலகலுக்கான அந்த 5 சதவீதம் தானாக வராது, அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மறந்துபோவது வழக்கம்.

இரண்டு மோடுகளும் 10 சதவீத இடைவெளிக்குள் இருப்பதால் அவற்றைச் சேர்க்கும் விதியையும் பாருங்கள். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்கும் எஸ்.ஆர்.எஸ்.எஸ். விதி, மோடுகள் ஒன்றையொன்று பாதிக்காத அளவுக்குத் தள்ளித் தள்ளி இருக்கும்போதுதான் சரி. நெருங்கிய மோடுகளுக்கு, அவை ஒன்றையொன்று பாதிப்பதையும் கணக்கில் எடுக்கும் சி.க்யூ.சி. விதி தேவை. மென்பொருளில் ஒரு பொத்தான்தான், ஆனால் எல் வடிவக் கட்டடத்தில் ஓரத் தூண்களின் விசை அந்தப் பொத்தானால் கணிசமாக மாறும். மோடுகளின் எண்ணிக்கையையும் கவனியுங்கள், ஒவ்வொரு திசையிலும் மொத்த நிறையில் 90 சதவீதமாவது சேரும்வரை எடுக்க வேண்டும். உங்களிடம் முதல் மோடில் 78 இருக்கிறது, இன்னும் சில மோடுகளில் எட்டிவிடும்.

ஸ்பெக்ட்ரம் முடிவுகளைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. வர்க்கம் எடுத்துக் கூட்டியதால் எல்லா எண்களும் நேர்க்குறியில் வரும். ஐந்தாம் தளத்தின் உச்ச நகர்விலிருந்து நாலாம் தளத்தின் உச்ச நகர்வைக் கழித்து ட்ரிஃப்ட் என்று எழுதக் கூடாது. அந்த இரண்டு உச்சங்களும் ஒரே கணத்தில் வருவதில்லை. ஒவ்வொரு மோடிலும் ட்ரிஃப்டைக் கணக்கிட்டு அப்புறம் சேர்க்க வேண்டும். மென்பொருள் இதைச் சரியாகத்தான் செய்கிறது. அட்டவணையைக் கையால் கழித்துப் பார்ப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தூணின் அச்சு விசையையும் வளைவுத் திருப்பத்தையும் ஒரே நேரத்து எண்களாக நினைத்துச் சமநிலை சரிபார்த்தால் கணக்கு ஒத்துவராது. அந்தச் சரிபார்ப்புக்கு ஸ்டாட்டிக்தான் ஏற்றது: கூட்டினால் ஒத்துவரும், கையால் அரை மணியில் போடலாம். எந்த டைனமிக் கணக்குக்கும் முன்னால் ஒரு ஸ்டாட்டிக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஸ்டாட்டிக் முறையைப் பழங்காலத்துச் சரக்கு என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. 1908 நில அதிர்வில் மெஸ்ஸினா நகரம் அழிந்த பிறகு இத்தாலியப் பொறியாளர்கள் எடையில் ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாக எடுக்கச் சொன்னார்கள். 1923ல் கான்டோ அதிர்வுக்குப் பிறகு ஜப்பான் 1924ல் 0.1 என்ற குணகத்தைச் சட்டமாக்கியது. அப்போது கட்டடத்தின் காலமும் மண்ணும் கணக்கில் வரவில்லை, எல்லாக் கட்டடத்துக்கும் ஒரே எண். இன்றைய ஸ்டாட்டிக் முறை அப்படியில்லை. காலமும் மண்ணும் அதற்குள்ளேயே வந்துவிட்டன. இவை ஏன் முக்கியம் என்பதற்கு 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரம் சாட்சி. அதிர்வின் மையம் 300 கிலோமீட்டருக்கும் அப்பால். ஆனால் பழைய ஏரிப் படுகையின் களிமண் ஏறக்குறைய 2 விநாடிக்கு ஒரு முறை ஆடியது. பழைய தாழ்ந்த கட்டடங்கள் பல தப்பித்தன, 6 முதல் 15 தளங்கள்வரை இருந்தவை அதிகம் அடிபட்டன. விரிசல் விடும்போது அவற்றின் காலம் நீண்டு, மண்ணின் காலத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. மண்ணுக்கு ஏற்ற ஸ்பெக்ட்ரம் கையில் இல்லை என்றால் இரண்டு முறைகளும் ஒரே மாதிரி ஏமாறும். உங்கள் மண் அறிக்கை ‘நடுத்தரம்’ என்று எதை வைத்துச் சொல்கிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக டைம் ஹிஸ்டரி. இந்தக் கட்டடத்துக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. அடித்தளத் தனிமைப்படுத்தல், தணிப்பான்கள், மிக உயர்ந்த கோபுரம், பிளவுக்கு மிக அருகில் உள்ள மனை போன்றவற்றுக்கு அது வேண்டும். அதில் எந்த அதிர்வுப் பதிவைக் கொடுக்கிறீர்களோ அதற்கேற்ற விடைதான் வரும். 1940ல் கலிஃபோர்னியாவின் எல் சென்ட்ரோ ஊரில் எடுத்த அதிர்வுப் பதிவு மென்பொருளோடு இலவசமாக வருகிறது என்பதற்காக உலகத்தில் எல்லா மனைக்கும் அதையே கொடுத்து ஓட்டுகிறார்கள். ஒரே பதிவை வைத்து எடுத்த முடிவு வாதத்தைத் தீர்க்காது, புதிதாக மூன்றாவது எண் ஒன்றைக் கொண்டுவரும். யூரோகோடு 8ல் குறைந்தது மூன்று பதிவுகள் வேண்டும், மூன்றுதான் என்றால் உச்ச விடையை எடுக்க வேண்டும். ஏழு இருந்தால்தான் சராசரி எடுக்க முடியும். கட்டடம் சேதமடையாமல் ஆடுவதாக வைத்துக்கொள்ளும் நேர்கோட்டுக் கணக்கிலேயே நிற்கப் போகிறீர்கள் என்றால் இந்த உழைப்பு ஸ்பெக்ட்ரத்தைவிடப் பெரிதாக எதையும் சொல்லிவிடாது.

சுவர்களைத் தண்டுகளாகச் சேர்த்து, எல்லின் நீண்ட காலின் நுனியில் ஒரு ஷியர் வாலைத் தரையிலிருந்து உச்சிவரை வைத்து ஓட்டிப் பாருங்கள். முறுக்கல் மோடு மூன்றாவது இடத்துக்குத் தள்ளப்பட்டால் இடம் சரி, இல்லாவிட்டால் அந்தச் சுவரை நகர்த்துங்கள். அடுத்த கடிதத்தில் பேஸ் ஷியரை மட்டும் எழுதாமல் முதல் ஆறு மோடுகளின் காலம், நிறைப் பங்கு, தளவாரியான ட்ரிஃப்ட் மூன்றையும் அனுப்புங்கள்.